அடிபடாத நீலச் சைக்கிள்

பழைய சைக்கிள் வாங்கி விற்கும் தொழிலில் நான் கற்ற முதல் உண்மை, புதுச்சேரியில் இதுவரை எந்தச் சைக்கிளும் எதன் மீதும் மோதியதில்லை என்பதுதான். சுவர்கள் வந்து மோதியிருக்கின்றன. மாடுகள் மோதியிருக்கின்றன. கடற்கரையில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்த விளக்குக் கம்பம் ஒன்று, தன் இடத்தை விட்டுக் கிளம்பி வந்து ஒரு சைக்கிளை இடித்துவிட்டுத் திரும்பப் போய் நின்றிருக்கிறது. சைக்கிள்கள் மட்டும் ஒரு பாவமும் அறியாதவை.

பழைய சைக்கிள் ஒன்றை ஆசையாக வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகு அது ஏன் ஒரு பக்கமாகவே போகிறது என்று தலையைச் சொறிந்த அன்பர்களே, நானும் உங்களைப் போல ஏமாந்துதான் இந்தக் கடையை வைத்தேன். லாஸ்பேட்டையில் கல்லூரிக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கிறது. நான் சைக்கிள்களைப் பார்த்து வாங்குவேன். கஸ்தூரி அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டுவார். கஸ்தூரி தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றவர். எதையும் ஒளிவு மறைவில்லாமல் சொல்லுவார். அதிலும் என்னைப் பற்றியதை வாடிக்கையாளர் முன்னால்தான் சொல்லுவார்.

எங்கள் கடைக்கு ஒரே ஒரு விதி. டயர் தேய்ந்திருக்கலாம், சீட்டு கிழிந்திருக்கலாம், செயின் துருப்பிடித்திருக்கலாம். ஃபிரேமும் ஃபோர்க்கும் மட்டும் அடிபட்டிருக்கக் கூடாது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அதுதான் ஃபோர்க். மற்ற சாமான்கள் கெட்டுப்போகுமுன் சத்தம் போடும். ஃபோர்க் சத்தம் போடாது. ஒரு நாள் ஒடியும். ஒடியும்போது சக்கரம் முன்னால் போய்விடும், ஓட்டுகிறவர் முகம் தரைக்குப் போய்விடும்.

விழுந்த அன்று கட்டியது

அந்த நீலச் சைக்கிள் முதன்முதலாக வந்தது ஒரு காலை வேளையில். கொண்டு வந்தவர் அரசுக் குடியிருப்பில் இருக்கும் இளம் அலுவலர். கியர் வைத்த சைக்கிள், துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவர் முகத்தில் மட்டும் ஒரு குற்ற உணர்வு. "ஒரே ஒரு குறை இருக்கு சார், மறைக்க மாட்டேன்" என்று இடது கைப்பிடியைக் காட்டினார். அதில் வரிசையாகக் குட்டிப் பற்கள் பதிந்திருந்தன. அவர் வீட்டு நாய்க்குட்டி பல் முளைக்கும் பருவத்தில் ருசி பார்த்ததாம். அதற்காக மும்முறை மன்னிப்புக் கேட்டார்.

நான் கைப்பிடியைப் பார்க்கவில்லை. ஃபோர்க்கின் தலையில் சுற்றியிருந்த புத்தம் புதிய கறுப்புக் கயிற்றைப் பார்த்தேன். அன்பர்களே, இதை மனதில் வையுங்கள். நம் ஊரில் பைக்குக்குக் கயிறு கட்டுவார்கள், காருக்குக் கட்டுவார்கள், சைக்கிளுக்குச் சும்மா யாரும் கட்டுவதில்லை. சைக்கிளுக்குக் கயிறு வருவது ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான். கயிற்றை நகர்த்தினேன். அடியில் பெயிண்ட் மயிரிழை போல வெடித்திருந்தது.

அடுத்து, ஹேண்டில் பார் நுழைகிற குட்டைக் குழாயைப் பார்க்க வேண்டும். அதைக் கழுத்து என்போம். கழுத்துக்குப் பின்னால் இரண்டு குழாய்கள் வந்து சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதை விட விரலால் தடவுவது நல்லது. நல்ல குழாய் கண்ணாடித் தம்ளர் போல வழவழவென்று போகும். இதில் விரல் ஓரிடத்தில் ஏறி இறங்கியது. முழங்கையை மடக்கினால் சட்டையின் உள்பக்கம் சுருங்குகிறதல்லவா, குழாயும் முன்னாலிருந்து இடி வாங்கினால் அப்படித்தான் சுருங்கும். பிறகு பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். கழுத்தின் கோடு அப்படியே நேராக ஃபோர்க்கின் காலுக்குள் இறங்கி, அடியில் மட்டும் மெல்ல முன்னால் வளைய வேண்டும். இந்த ஃபோர்க், பஸ் திடீரென்று கிளம்பியதும் பின்னால் சாய்கிற ஆள் மாதிரி இருந்தது.

"எங்க மோதுனீங்க?" என்றேன்.

"சார், அடியே படல சார்."

"அப்ப இந்தக் கயிறு?"

"அது திருஷ்டிக்கு சார்."

"எப்ப கட்டினது?"

அவர் யோசிக்கவே இல்லை. "விழுந்த அன்னிக்கே எங்கம்மா கட்டிட்டாங்க சார்."

காசு சரியில்லை

இடையில் ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்போடு ஒட்டிய உடையில், கறுப்புக் கண்ணாடியுடன் கடற்கரைச் சாலையில் போகிறவர்களில் ஒருவர். அவர் சைக்கிள் கார்பனில் செய்தது. ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார். கார்பனில் சுருக்கம் விழாது. உள்ளுக்குள் விண்டிருக்கும், வெளியே மினுமினுவென்று சிரிக்கும். அதற்கு மண்பானை வாங்குகிற முறைதான். தட்டிக் கேட்க வேண்டும். ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். டிக், டிக், டிக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் தொப் என்று கேட்டது. திரும்பத் தட்டினேன். தொப். கஸ்தூரி வந்து தட்டினார். தொப். பெரிய மனிதர் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது, தெருவில் போனவர்களே நின்றுவிட்டார்கள். அவர் என் கையிலிருந்த நாணயத்தை வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் காசு சரியில்ல. அஞ்சு ரூபா இருந்தா அதுல தட்டிப் பாருங்க."

சாமிக்குக் கீழே

சில வாரம் கழித்து ஒரு நீலச் சைக்கிள் வந்தது. இம்முறை கொண்டு வந்தவர் பழைய செல்போன், பழைய வாஷிங் மெஷின், பழைய எதுவானாலும் கைமாற்றிவிடும் ஒரு தரகர். சைக்கிளில் கயிறு இல்லை. அதற்குப் பதில் கழுத்துக்குப் பின்னால், குழாயைச் சுற்றி, மூன்று ஸ்டிக்கர்கள் இருந்தன. ஒரு பிள்ளையார், ஒரு மாதா, ஒரு பிறைநிலா. சைக்கிளின் மற்ற பகுதிகளில் பக்தி ஏதும் காணப்படவில்லை.

"மத நல்லிணக்கம்" என்றார் தரகர்.

நான் இடது கைப்பிடியைப் பார்த்தேன். குட்டிப் பற்கள் வரிசையாக இருந்தன. பழைய நண்பனைத் தெருவில் பார்த்தது போல இருந்தது எனக்கு.

ஸ்டிக்கரை அழகுக்கு ஒட்டுகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். குழாயின் அடிவயிற்றில், தரையைப் பார்த்தபடி ஒட்டினால் அந்தச் சாமியைத் தவளைதான் கும்பிட வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாமி இருந்தாலே சந்தேகப்படுங்கள். மூன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். "கொஞ்சம் உரிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

தரகர் இரண்டு கைகளையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா சார் நீ! சாமிக்குக் கீழ இன்னா இருக்குதுன்னு யாராச்சும் பாப்பாங்களா?"

ஜீப்பில் மோதியவர்

ஒரே ஒருவர்தான் என் கடைக்கு வந்து, தன் சைக்கிள் அடிபட்டது என்று தானே சொன்னவர். முசியே அந்துவான் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம்; அவர்களுக்கு எந்த ஐயாவும் முசியேதான், எந்த அம்மாவும் மதாம்தான். லேசாகக் கால் தாங்கி நடப்பார். அவர் மனைவி மதாம் ரோசாலி, வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சைக்கிளை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் செய்த பழைய இரும்புச் சைக்கிள், பச்சை நிறம், உயரம் குறைவு.

"முசியே, முன்னாடியே சொல்லிடறேன்" என்று மார்பை நிமிர்த்தினார் அந்துவான். "இது அக்சிதான் ஆன வண்டி. ராணுவ ஜீப்பு மேல நேருக்கு நேரா மோதினேன். என் கால் போனது அதுலதான். ஜீப்புக்கும் சேதம்."

உண்மை பேசுகிற விற்பனையாளரை எப்படி நடத்துவது என்று எனக்குப் பழக்கமில்லை. கழுத்தின் அடியைத் தடவினேன். வழவழ. ஃபோர்க்கைப் பக்கவாட்டில் பார்த்தேன். நேர். கழுத்திலிருந்து பின்சக்கர முனைக்கு இரண்டு பக்கமும் நூல் பிடித்தேன். நூல் நடுக்குழாயை இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் கடந்தது. பெயிண்ட் பழையது, அசல். பெடல் ஓரத்திலோ ஹேண்டில் நுனியிலோ தரையில் தேய்ந்த தடம்கூட இல்லை. "முசியே, இது எங்கயும் மோதுன மாதிரி தெரியலயே" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான் பொய் சொல்றனா? இத்தன வருஷமா இந்தக் காலோட நடக்கிறேன், உனக்கு நூலு புடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடுமா? நீ அடிபட்ட வண்டின்னு ஒத்துக்கினாதான் விப்பேன்." கோபத்தோடு வெளியே போய் நின்றார். சைக்கிளை வைத்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகலாமா என மதாம் கேட்டார். பிறகு வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "அவரு சைக்கிள்ள இருந்து வுழுந்தது நெசந்தான் முசியே. ஆனா சைக்கிளு எங்க வூட்டுக் கூடத்துல ஸ்டாண்டு போட்டு நின்னுக்கினு இருந்துச்சு."

இரண்டு தரம் நேரானது

மூன்றாம் முறை அந்தச் சைக்கிள் சிவப்பாக வந்தது. கொண்டு வந்தவர் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவர். தரகரிடமிருந்து வாங்கி, தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். நல்ல கை, குறை சொல்ல முடியாது. ஆனால் பெல்லைக் கழற்றாமல் அடித்திருந்தார். பெல்லுக்கு அடியில் ஒரு பிறைத் துண்டு நீலம் பாக்கி இருந்தது. இடது கைப்பிடியில் குட்டிப் பற்களும் பாக்கி இருந்தன. கைப்பிடியை மாற்ற வேண்டும் என்று ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை.

அதிசயம் என்னவென்றால் ஃபோர்க் நேராக இருந்தது. இதில்தான் நிறைய பேர் ஏமாறுவார்கள். நிமிர்த்தியது வேறு, நேராக இருந்தது வேறு. வீட்டில் ஒரு ஊக்கை எடுத்து வளையுங்கள். பிறகு நிமிர்த்துங்கள். பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு தரம் அப்படிச் செய்தால் கையில் இரண்டு துண்டு இருக்கும். ஊக்கு கையில் ஒடிந்தால் பரவாயில்லை. ஃபோர்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒடியும். இதையெல்லாம் பெயிண்டருக்குப் பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். சுருக்கத்தின் மேல் பூசியிருந்த மெழுகுப் பசையைக் கஸ்தூரி நகத்தால் சுரண்டிக் காட்டியபோதும் அவர் முகத்தில் பெருமை குறையவில்லை. "கம்பெனிக்காரன்கூட ஒரு வாட்டிதான் சார் நேரா செய்வான். நான் ரெண்டு வாட்டி நேராக்கியிருக்கேன்."

வலப்பக்கம் வசதி

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது கஸ்தூரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ண்ணா, நீ ஒவ்வொரு வாட்டியும் வேணாம்னு சொல்லிட்டு நல்ல பேரு வாங்கிக்கிற. அது அப்பிடியே திரும்பிப் போயி யாரு தலையில வெடியப்போவுதோ." அது என் பொறுப்பா என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றார். ஒன்றும் சொல்லாததை அன்று மாலை வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

யார் தலை என்பது கல்லூரி திறந்ததும் தெரிந்தது. சைக்கிளில் மாட்ட முன்கூடை வேண்டும் என்று ஒரு பெண் வந்தாள். பெயர் தேவி. ஊர் பிள்ளைச்சாவடி, அப்பா மீன்பிடிக்கிறவர், லாஸ்பேட்டைக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. வீட்டில் கல்லூரி வரை போகிற முதல் ஆள். பஸ்ஸை நம்பினால் முதல் வகுப்பு போய்விடுகிறது என்று அப்பா சைக்கிள் வாங்கித் தந்திருக்கிறார். "எங்க வாங்கினாரு?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தேன். சிவப்பு. இடது கைப்பிடி. பற்கள்.

"ஏம்மா, ஓட்டுறப்போ எப்பிடி இருக்கு?"

"சூப்பரா இருக்கு சார். கொஞ்சம் ரைட்ல இழுக்கும்."

வலப்பக்கம் என்றால் நம் ஊரில் என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். சென்னை பஸ் வருகிறது, மணல் லாரி வருகிறது. இடது ஓரமாகப் போகிற பிள்ளையை நடுரோட்டுக்குக் கூப்பிடுகிற சைக்கிள் அது. அந்த நேரத்தில் ஃபோர்க் வேறு ஒடிந்தால்? நான் பயந்ததை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "அதனால ஒண்ணுமில்ல சார். காலேஜுக்கு வர்றதுக்கும் ரைட்லதான் திரும்பணும், வூட்டுக்குப் போறதுக்கும் ரைட்லதான் திரும்பணும். வசதியாத்தான் இருக்கு."

ஓட்டைப் படகு

அன்று அவளைச் சைக்கிளில் போக விடவில்லை. போன் செய்து அப்பாவை வரவழைத்தேன். பஸ்ஸில் வந்து இறங்கினார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார், கோபத்தை மடிக்காமலே வந்திருந்தார். "எம் பொண்ணு வண்டிய நீ ஏன்யா புடிச்சு வச்சிக்கினு இருக்கிற?"

சொன்னேன். பெல்லுக்கு அடியில் நீலத்தைக் காட்டினேன். அவர் விரலைப் பிடித்துச் சுருக்கத்தின் மேல் தடவவைத்தேன். ஓட்டைப் படகில் பெண்ணைக் கடலுக்கு அனுப்புவீர்களா என்று, புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு, கேட்டேன்.

"உங்கிட்ட வாங்கலன்னு வயித்தெரிச்சல்ல பேசுற" என்றார் அவர். "படகுல ஓட்டை இருந்தா தண்ணி உள்ள வரும். இதுல இன்னா வரும்?"

இரண்டு அடிபட்ட வண்டிகள்

இந்தச் சைக்கிளை நான் எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் கடையில் இருக்கிற நல்ல சைக்கிள் ஒன்றைத் தருகிறேன் என்றேன். விலை விவகாரத்தை இங்கே எழுதவில்லை. என் மனைவி இதைப் படிப்பாள். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். தேவியின் உயரத்துக்குச் சரியாகக் கடையில் இருந்தது ஒன்றுதான், முசியே அந்துவானின் பச்சைச் சைக்கிள். தெருக்கோடியில்தான் வீடு. கஸ்தூரி ஓடிப்போய்க் கூட்டி வந்தார். கூடவே மதாமும் வந்தார். இனி கூடம் காலியாகிவிடும் என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

முசியே தேவியைப் பார்த்தார், அவள் அப்பாவைப் பார்த்தார், மார்பை நிமிர்த்தினார். நான் கண்ணால் கெஞ்சினேன். பயனில்லை. "நான் எதையும் மறைக்க மாட்டேன். இது ராணுவ ஜீப்பு மேல மோதின வண்டி."

தேவியின் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஓகோ. அடிபடாத வண்டிய அடிபட்டதுன்னு புடுங்கிக்கினு, அடிபட்ட வண்டிய எம் பொண்ணு தலையில கட்றியா? நல்லா இருக்குதுய்யா உன் யாவாரம்!"

அன்பர்களே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முசியே சொல்வது பொய் என்று சொன்னால் சைக்கிளை விற்க மாட்டார். உண்மை என்று சொன்னால் இவர் வாங்க மாட்டார். மதாமைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் தேவியின் அப்பா சிவப்புச் சைக்கிளை வெளியே தள்ளி ஏறி உட்கார்ந்துவிட்டார். "வா பாப்பா, பின்னாடி குந்து" என்று மகளைக் கூப்பிட்டார். அவள் பையை எடுப்பதற்குள், தெருப்பக்கம் திருப்புவதற்காக ஹேண்டிலை ஒடித்து ஒரு மிதி மிதித்தார்.

இந்தச் சைக்கிளின் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா? ஃபோர்க்கைப் பட்டறையில் நிமிர்த்தியும், ஃபிரேமில் சுருக்கம் அப்படியே இருந்ததால் முன்சக்கரம் கொஞ்சம் பின்னால்தான் நின்றது. முழுதாகத் திருப்பினால் மிதிக்கிற காலின் பெருவிரல் டயரில் முட்டும். சின்ன ஃபிரேம்களில் இது இயல்பாகவே உண்டு, ஆகையால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் பெருவிரல் முட்டினால் சைக்கிள் நிற்கும், ஆள் நிற்க மாட்டார். அவர் எங்கள் வாசல் மணலில் மிகவும் நிதானமாகச் சாய்ந்தார். கடலில் இருப்பவருக்கு விழத் தெரிந்திருந்தது. அடி ஒன்றும் இல்லை.

கஸ்தூரியும் நானும் ஓடிப்போய்த் தூக்கினோம். அவர் மணலைத் தட்டிக்கொண்டு, சைக்கிளை ஒரு பார்வை பார்த்தார், வாசலை ஒரு பார்வை பார்த்தார். "வண்டி மேல தப்பில்ல" என்றார். "உன் வாசலு சரியில்ல."

இனி என்ன சொல்லி அந்தப் பெண்ணை நிறுத்துவது? அப்போதுதான் தேவி பச்சைச் சைக்கிளிடம் போனாள். குனிந்து கழுத்தின் அடியில் விரலால் தடவினாள். பிறகு சிவப்புச் சைக்கிளின் கழுத்தைத் தடவினாள். மறுபடி பச்சை. முசியேயைப் பார்த்து, "தாத்தா, நெசமாவே ஜீப்பு மேலயா மோதுனீங்க? நேருக்கு நேராவா?" என்று கேட்டாள்.

"நேருக்கு நேரா" என்றார் முசியே. "ஜீப்புக்கு வெளக்கு ஒடஞ்சிடுச்சி."

இதுவரை இல்லாத விளக்கு அது. மதாம் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தேவி அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, அந்த வண்டி எதுலயும் மோதலன்னு சொல்றாங்க, ஆனா கழுத்துல சுருக்கம் இருக்குது, நீயும் வுழுந்துட்ட. இது ஜீப்புமேலயே மோதி இருக்குது, ஒரு கோடுகூட இல்ல. இதான்பா கெட்டி வண்டி."

அறுத்த பிறகு

சைக்கிள்கள் கைமாறிய அன்று மாலையே கஸ்தூரி சிவப்புச் சைக்கிளின் ஃபோர்க்கை வைஸ் இடுக்கியில் பிடித்து, ஹேக்ஸா பிளேடால் இரண்டு காலையும் அறுத்தார். ஃபிரேமின் கழுத்துப் பக்கத்தையும் அறுத்தார். மேலே சிவப்பு, அதற்கடியில் மெழுகு, அதற்கடியில் நீலம், அதற்கடியில் வெடிப்பு என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. பல் பதிந்த கைப்பிடியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இத்தனை பேரில் உண்மையை ஒளிக்காதது அந்த நாய்க்குட்டி ஒன்றுதான். துண்டுகளைக் காயலான் கடைக்குப் போடுவதற்காக வாசலில் வைத்திருந்தோம். வேறொரு சைக்கிளோடு வந்த பெயிண்டர் அவற்றைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. ஒரு துண்டை எடுத்துக் கண்ணருகே வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி ரசித்தார். "சுத்தமா அறுத்திருக்கீங்க சார். எங்கிட்ட குடுத்தீங்கன்னா வெல்டு வச்சி எடுத்தாந்துடறேன், உங்களுக்கே தெரியாது."

நாங்கள் துண்டுகளை இன்னும் சிறிதாக அறுத்தோம்.

பச்சைச் சைக்கிள்

போன வாரம் கடை வாசலில் பெல் சத்தம். தேவிதான். கூடையில் புத்தகங்கள், வகுப்புக்கு நேரத்துக்குப் போய்விட்ட முகம். செயினுக்கு எண்ணெய் போட வந்திருந்தாள். முசியே தினமும் தன் வீட்டு வாசலில் நின்று சைக்கிள் போவதைப் பார்த்துக் கையசைக்கிறாராம். ஜீப்பின் கண்ணாடியும் உடைந்ததாக இப்போது சொல்கிறாராம். நான் சிரித்துக்கொண்டே எண்ணெய்க் குப்பியோடு குனிந்தேன்.

ஃபோர்க்கின் தலையில் புத்தம் புதிய கறுப்புக் கயிறு.

எண்ணெய்க் குப்பியைக் கீழே போட்டேன். கயிற்றை நகர்த்தினேன், கழுத்தைத் தடவினேன், பக்கவாட்டில் ஓடிப்போய்ப் பார்த்தேன், நூலைத் தேடினேன். "எங்கம்மா விழுந்த? எப்ப? எது மேல மோதுன? கஸ்தூரி, அந்த நூல எடு!"

தேவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்ய, எங்கயும் வுழல சார்! 'ஆயிரந்தான் இருந்தாலும் அடிபட்ட வண்டி பாப்பா'ன்னு எங்கப்பாதான் கட்டிவுட்டாரு."

ஆக, அடிபட்டவை அடிபடாதவையாகவும் அடிபடாத ஒன்று அடிபட்டதாகவும் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும் ஊரில், நூலும் கையுமாகக் குனிந்து குனிந்து பார்த்ததில் இதுவரை நிச்சயமாகக் கோணிப்போனது என் முதுகு ஒன்றுதான்.